எட்டாவது குழாய்

"எட்டு இருக்குல்ல? அப்புறம் என்ன?"

"எட்டு இருக்கு. ஆனா இதுல ஒண்ணு நம்மளது இல்ல."

"அழுக்குத் துணில என்ன நம்மளது, அடுத்தவனது? பிழிஞ்சு காயப்போட்டுட்டு வா, டீ ஆறுது."

அவள் வரவில்லை. குளியலறைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே எட்டுத் துணிகளையும் வரிசையாக விரித்துப் போட்டாள். எல்லாம் ஒரே பழைய படுக்கை விரிப்பிலிருந்து கிழித்தவை. மங்கிப்போன மஞ்சள் பூ. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் இரண்டு தையல் இருக்க வேண்டும். சமையல்கட்டுத் துணியோடு கலந்துவிடக் கூடாதென்று அவளே போட்டு வைத்த அடையாளம். முதல் துணியில் தையல் இருந்தது. இரண்டாவதில் இருந்தது. ஏழாவது வரைக்கும் இருந்தது. எட்டாவதின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தாள். திருப்பிப் போட்டுத் தடவினாள். நூலும் இல்லை, நூல் இருந்து அறுந்துபோன தடமும் இல்லை.

வெளியே மூன்றாவது நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஒரு கந்தல் துணிக்காக அவள் முகம் ஏன் அப்படி வெளிறியது என்று உங்களுக்குப் புரியாது.

அவளும் அவள் புருஷனும் கூரை வாய்க்கால் சுத்தம் செய்கிறவர்கள். ஓட்டுக்கூரையின் விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கிக்கொள்ள ஒரு தகர வாய்க்கால் ஓடும், பார்த்திருப்பீர்கள். அதில் அங்கங்கே ஓட்டை இருக்கும். ஓட்டையிலிருந்து ஒரு குழாய் சுவரோடு ஒட்டி இறங்கித் தண்ணீரைத் தரைக்குக் கொண்டுவரும். வருஷம் முழுக்க விழுந்த இலை, பாசி, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு, பிள்ளைகள் அடித்த பந்து, ஒரு தடவை யாரோ ஒருவருடைய பல்செட் கூட, எல்லாம் அந்த வாய்க்காலில் மக்கிக் களியாகிக் கிடக்கும். மழைக்கு முந்தின ஆறு வாரமும் அதை வாரிக் கொட்டுவதுதான் இவர்களுக்குத் தொழில். வாரும்போது களி குழாய்க்குள் விழுந்துவிட்டால் தீர்ந்தது கதை. நடுவில் போய் அடைத்துக்கொள்ளும், குழாயையே கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதனால் வாரத் தொடங்கும் முன் ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு துணியைச் சுருட்டித் திணித்துவிடுவார்கள். வாரி முடித்ததும் துணியை உருவி எடுத்துவிட்டு, மேலிருந்து ஹோஸில் தண்ணீர் அடித்துப் பார்ப்பார்கள். கீழே கடகடவென்று வந்தால் வேலை முடிந்தது.

எத்தனை துணி மேலே போனதோ அத்தனை துணியும் கீழே வந்தாக வேண்டும். மேலே ஏறி வாருவது அவன். சுவரில் ஒட்டிக்கொண்டு நகருகிற அழகுக்கு ஊரே அவனுக்குப் பல்லி என்று பெயர் வைத்திருந்தது. கீழே ஏணியைப் பிடிப்பதும், அவன் வீசுகிற துணிகளை வாளியில் பொறுக்கிப்போட்டு எண்ணுவதும் அவள். எதையும் எண்ணாமல் விடமாட்டாள். மாடிப்படி ஏறினால் படியை எண்ணுவாள், வெங்காயம் உரித்தால் வெங்காயத்தை எண்ணுவாள். பல்லி அவளைக் கூப்பிடுவதே கணக்குப்பிள்ளை என்றுதான்.

செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு வீடு. கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவருடைய பெரிய பழைய வீடு, எட்டுக் குழாய். அன்று சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. மழையில் ஏணி போட முடியாதென்பதால் இரண்டு நாளாக வீட்டில்தான் இருக்கிறார்கள். வாளி வேனிலேயே கிடந்து நாற்றமெடுத்ததால்தான் அவள் இன்றைக்குத் துணிகளைத் துவைக்கவே எடுத்தாள்.

அதாவது, தையல் போட்ட துணி ஒன்று இன்னும் அந்த வீட்டுக் கூரைமேல், ஏதோ ஒரு குழாயின் வாய்க்குள் இருக்கிறது.

"ஏங்க, இங்க வாங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, பல்லி டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தான். அவள் எட்டாவது துணியைத் தூக்கிக் காட்டினாள்.

"இது எப்படி வாளிக்குள்ள வந்துச்சு?"

அவன் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "வண்டில கெடந்த மிச்ச விரிப்புல கிழிச்சேன். கடிகாரக்காரர் டீ கொண்டாந்தாருல்ல, கை நடுங்கி ஏணிப்படில ஊத்திட்டாரு. வழுக்கிடும்னு தொடச்சேன். தொடச்சுட்டு..." அவன் நிறுத்தினான்.

"தொடச்சுட்டு?"

"வாளி பக்கத்துல இருந்துச்சு. போட்டேன்."

அவள் துணியைத் தரையில் போட்டாள். பல்லி மெல்லத்தான் சொன்னான், குத்திக்காட்டுகிற தொனியே இல்லை. "நான் கேட்டேனே. பின்பக்கம் ஒண்ணு பாக்கியோன்னு கேட்டேன். எட்டு இருக்கு, வாங்கன்னு நீ சொன்ன."

சொன்னாள். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது, முதல் துளிகள் ஏணியில் டொக் டொக்கென்று விழுந்தன. அவள் வாளிக்குள் கையை விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். எட்டு வந்தது. கை எண்ணியதே தவிர கண் பார்க்கவில்லை. பின்பக்கக் குழாயில் ஹோஸ் கூட அடிக்கவில்லை. மழையே கழுவிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பின்பக்கம்.

மற்ற ஏழில் ஒன்று அடைத்திருந்தால் பெரிய சேதமில்லை. வாய்க்கால் நிரம்பி வெளியே வழிந்து தோட்டத்தில் கொட்டும், அவ்வளவுதான். பின்பக்கம் அப்படி இல்லை. அது பிற்பாடு ஒட்டிக் கட்டிய அறை. அதன் கூரை பழைய வீட்டுச் சுவரைப் பார்த்துச் சரிந்திருந்தது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வாய்க்கால் அது, வெளிவிளிம்பே கிடையாது. நிரம்பினால் ஓட்டுக்கு அடியில் போய், உட்கூரைப் பலகைக்கு மேலே தேங்கும். "இந்த வீட்டுக்கு இதுதான் தொண்டை" என்று பல்லியே ஒவ்வொரு வருஷமும் சொல்வான்.

அந்த அறையில்தான் கடிகாரக்காரரின் மனைவி படுத்திருந்தாள்.

பக்கவாதம் வந்து ஐந்து வருஷம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வார்த்தைகளும் பாதி போய்விட்டன, மிச்சமிருந்தவை இடம் மாறி வந்தன. கரண்டியைக் கதவு என்பாள், மின்விசிறியைப் பறவை என்பாள். கடிகாரக்காரர் நல்ல மனுஷன், ஊட்டிவிட்டுத் துடைத்துவிட்டு எல்லாம் அவர்தான். ஆனால் அவள் பேச்சுக்கு "ம்ம், ம்ம், சரி" என்று தலையாட்டப் பழகிவிட்டார். எத்தனை நாளைக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையாகத் துப்பறிவார்?

கணக்குப்பிள்ளைக்கும் அந்த அக்காவுக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் சிநேகிதம். பல்லி மேலே வாரிக்கொண்டிருக்கும்போது இவள் ஏணியைப் பிடித்தபடி ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருப்பாள். அந்த எட்டாவது குழாய் ஜன்னலை ஒட்டித்தான் இறங்கியது. கடைசியில் பல்லி ஹோஸ் அடித்ததும் தண்ணீர் குழாய்க்குள் கடகடகடவென்று இறங்கும். அக்காவுக்கு அது அப்படிப் பிடிக்கும். பாதி வாயால் சிரித்து, "பேசுது, பேசுது" என்பாள். நாலு வருஷமும் அப்படித்தான். கடிகாரக்காரர் முன்னறையில் தன் மேஜையில் குனிந்து உட்கார்ந்திருப்பார், அவருக்கு இது எதுவும் தெரியாது.

இந்தச் செவ்வாய்க்கிழமை குழாய் பேசவில்லை. ஏணியை மடக்கிக்கொண்டு இவள் ஓடும்போது ஜன்னலிலிருந்து அக்கா கேட்டாள்: "பேசலயா?"

இவள் ஓடிக்கொண்டே சொன்னாள்: "மழை வந்தா தானா பேசும்க்கா."

பல்லி போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் எடுக்கவில்லை.

"கடிகார சத்தத்துல கேட்டிருக்காது."

"வண்டிய எடுங்க."

"மழைல எப்படி ஏணி போடறது? கொஞ்சம் வெறிக்கட்டும்..."

"வண்டிய எடுங்கன்னா!"

போகிற வழியெல்லாம் வைப்பர் அடித்த அடியில் கண்ணாடியே பெயர்ந்துவிடும்போல் இருந்தது. தெருவோரத் தண்ணீர் சக்கரம் பாதி முங்குகிற அளவுக்கு நின்றது. பேச்சு வந்தபோது நன்றாக வரவில்லை.

"நீங்க எதுக்கு அந்தத் துணிய வாளில போட்டீங்க? தரைல வீசியிருக்கலாம்ல?"

"தரைல போட்டா வீட்டுக்காரங்க முகம் சுளிப்பாங்க, வாளில போடுங்கன்னு சொன்னது யாரு? நீதான்."

"நாலு வருஷம் ஏறுன வீடு. எந்தக் குழாய்ல எடுத்தோம், எதுல எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் கேட்டேன். நீ எட்டுன்னு சொன்னா அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்கறது? பதினொரு வருஷத்துல உன் கணக்கு என்னைக்காவது தப்பியிருக்கா?"

பல்லி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவள் முழங்காலைத் தட்டினான். "ஒண்ணும் ஆயிருக்காது. அந்தக் காலத்துப் பலகை, கல்லு மாதிரி இருக்கும். கொஞ்சம் ஒழுகியிருக்கும். நாம போறோம், உருவறோம், மன்னிப்பு கேக்கறோம். சரியா, கணக்குப்பிள்ளை?"

இன்னும் நாலு தெரு இருந்தது. அவள் அதை எண்ணவில்லை.

வாசல் கேட் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கார் நின்றது, அதன் பக்கத்தில் குடையோடு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். வேனைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேலைக்கு வந்தீங்களா? இன்னிக்கு வேணாம், போயிடுங்க."

"என்ன சார் ஆச்சு?" பல்லி இறங்காமலே கேட்டான்.

"காலைல பின்னாடி ரூம் சீலிங் அப்படியே உள்ள வந்துடுச்சு. அந்தம்மா மேலயே. இவரு அடுப்படில கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருந்திருக்காரு. சத்தம் கேட்டு நான்தான் ஓடிவந்து பலகையத் தூக்குனேன். ஆஸ்பத்திரி வாசல்ல போய் எறக்கும்போதே உசிரு இல்லன்னுட்டாங்க." குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "ஏதோ அடையாள அட்டை கேக்கறாங்களாம், அதைத் தேட வந்திருக்காரு. பாவம், எங்க வச்சாருன்னு அவருக்கே தெரியல."

பல்லி வேனை அணைத்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "திரும்பிடலாமா?"

அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

ஏணியை இழுத்துக்கொண்டு அவள் பின்பக்கம் போனபோது பல்லி பின்னாலேயே ஓடிவந்தான். ஏணியைச் சாய்த்ததும் ஏறப்போனான். முதல் படியில் காலை வைத்தவன் அதை மறுபடி கீழே எடுத்துவிட்டான். எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொள்கிறவனால் அந்தப் படியைத் தாண்ட முடியவில்லை.

"தள்ளுங்க. நான் எண்ணுனேன், நானே எடுக்கறேன்."

பதினொரு வருஷத்தில் அவள் ஒருநாளும் ஏணியில் ஏறியதில்லை, உயரம் என்றாலே தலை சுற்றும். அன்றைக்குச் சுற்றவில்லை. அவன் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான், அவள் எப்போதும் பிடிக்கிற அதே இடத்தில். மேலே போனதும் சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த வாய்க்கால் தெரிந்தது. தெரிந்தது என்றா சொல்வது, முழுக்கத் தண்ணீர். அந்தப் பக்கத்து ஓடுகள் உள்வாங்கிக் கிடந்தன. முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். விரலில் ஓட்டை தட்டுப்பட்டது, ஓட்டைக்குள் ஊறி உப்பிய துணி. பிடித்து இழுத்தாள். வரவில்லை. முறுக்கி இழுத்தாள். தொண்டையைச் செருமுவது மாதிரி ஒரு சத்தம், துணி கையோடு வந்தது.

கடகடகடகட.

தண்ணீர் இறங்கியது. மூன்று நாள் தண்ணீர், ஜன்னலை ஒட்டி, சுவரே அதிர. இறங்கும்போது அவள் ஜன்னலுக்குள் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கட்டில் முழுக்க ஈரப் பலகையும் ஓட்டுத் துண்டும். தலையணை மட்டும் ஏனோ சுத்தமாகத் தரையில் கிடந்தது. சுவரில் ஒரு சின்னக் கடிகாரம் சரியான நேரம் காட்டியது.

துணியின் மூலையில் சிவப்பு நூல் இரண்டு தையல்.

முன்னறையில் கடிகாரக்காரர் மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்திருந்தார். முள், திருகாணி, தோல் பட்டை, கண்ணில் மாட்டுகிற சின்னப் பூதக்கண்ணாடி எல்லாம் தரையில் பரவிக் கிடந்தன. சட்டை ஒருபக்கம் பூராவும் சுண்ணாம்புச் சேறு. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வந்துட்டீங்களா. யாரு சொன்னா உங்களுக்கு?"

பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை, தானே பேசத் தொடங்கினார். சிலருக்கு அப்படித்தான் ஆகும், வாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"கஷ்டப்படல. டாக்டர் சொன்னாரு, ஒரு நிமிஷம்கூட ஆயிருக்காதுன்னு. பழைய கூரைம்மா, என்ன பண்றது. யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாது. நீங்க வந்து சுத்தம் பண்ணதால மூணு நாள் தாங்குச்சு, இல்லன்னா மொத நாளே வந்திருக்கும். அதுக்கு நான் உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

பல்லி அவள் முழங்கையைப் பிடித்தான். இறுக்கிப் பிடித்தான்.

"ஒண்ணுதான் உறுத்துது," என்றார் அவர். தரையில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்தார், அதில் சேறு அப்பியது. "ரெண்டு நாளா ஒரே பாட்டு. குழாய் பேசல, குழாய் பேசலன்னு. காலைல கஞ்சி ஊட்டுனா குழாய் பேசல. துணி மாத்துனா குழாய் பேசல. உங்களுக்குத்தான் தெரியுமே, அவளுக்கு வார்த்தை எடம் மாறும். தண்ணி கேக்கறாளோன்னு தண்ணி குடுத்தேன். டி.வி.ய சொல்றாளோன்னு போட்டுவிட்டேன். நேத்து சாயங்காலம் என் கையப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. குழாய் எந்த ஊர்லடி பேசும், வாய மூடிட்டுப் படுன்னு கத்திட்டேன். அப்புறம் பேசவே இல்ல." மூக்கை உறிஞ்சினார். "பரவாயில்ல. உளறுனதுக்குத்தானே கத்தினேன். அவளுக்கும் அது மனசுல நின்னிருக்காது."

பல்லியின் பிடி வலித்தது. அவன் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான், மிகக் கொஞ்சமாக, இல்லை இல்லை என்று. அவன் சொல்வது அவளுக்குப் புரிந்தது. இந்த மனுஷன் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறான். பழைய கூரை, யார் மேலும் தப்பில்லை, மனைவி உளறினாள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எப்படியாவது இன்றைக்கு நடந்துவிடுவான், நாளைக்கும் நடப்பான். அதை ஏன் பிடுங்க வேண்டும்?

ஆனால் அக்கா உளறவில்லை. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் இங்கே ஈரத் துணியை மழைக்கோட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் அக்கா உளறியவளாகவே போய்ச் சேருவாள்.

அவள் துணியை வெளியே எடுத்தாள்.

"அண்ணே. இது உங்க பின்பக்கக் குழாய்ல இருந்துச்சு. நாங்க வச்சது. எடுக்க மறந்துட்டோம். நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

கடிகாரக்காரர் துணியை வாங்கினார். மேஜைமேல் விரித்தார். மூலையைத் தேடி, சிவப்பு நூலைக் கண்டுபிடித்து, பழக்கத்தில் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சின்னப் பொருள்களைப் பார்த்தே வாழ்ந்த கண். வெகுநேரம் பார்த்தார்.

பல்லி ஒரு அடி முன்னால் வந்தான். "சார், தப்பு என்னுதும்தான் சார். போலீஸுக்குச் சொன்னாலும் சரி, நாங்க எங்கயும் ஓட மாட்டோம்..."

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "அந்தக் குழாய்..." என்றார் அவளிடம். "பேசும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணே. தண்ணி எறங்கற சத்தம் கேட்டா அக்கா அப்படித்தான் சொல்வாங்க. வருஷா வருஷம்."

"எத்தனை வருஷமா?"

"நாலு வருஷமா."

"நாலு வருஷமா," என்றார் அவர். "எனக்குத் தெரியாதே."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, அடிக்க வரவில்லை. அவள் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள், அதில் ஒன்று நடந்திருந்தால்கூட மூச்சு வந்திருக்கும். அவர் மெல்ல நடந்து பின்னறைக்குப் போனார். ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே, தலையில் மழை விழ, ஜன்னலோரம் போய் நின்று காதைக் கொடுத்தார். வெளியே குழாய் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றார் முதுகைக் காட்டியபடியே. "பேசுது."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. அட்டை கிடைத்ததா என்று பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அட்டை, கடைசியில், கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் நனையாமல் இருந்தது. அதைக் கண்டுபிடித்து கடிகாரக்காரர் கையில் கொடுத்தது பல்லிதான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பல்லி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"உன் நெஞ்சுல இருந்தத எறக்கி அவரு தலைல வச்சுட்டு வந்துட்ட. உனக்கு லேசாயிடுச்சு. அவருக்கு?"

"எனக்கு லேசாச்சுன்னு யாரு சொன்னா?"

"அப்புறம் எதுக்குச் சொன்ன? செத்தவங்க திரும்பி வருவாங்களா?"

"அக்கா உளறலங்க. ரெண்டு நாளா அந்தம்மா ஒழுங்காத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. என்கிட்ட கேட்டுச்சு, நான் ஓடிட்டேன். அவருகிட்ட சொல்லுச்சு, அவரு கத்திட்டாரு. இதுக்கப்புறமும் அந்தம்மாதான் உளறுச்சுன்னு சொல்லிட்டுத் திரியச் சொல்றீங்களா?"

பல்லி இறங்கிப் போய்விட்டான்.

போலீஸ் வரவில்லை. கடிகாரக்காரர் யாரிடமும் சொல்லவில்லை என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. துணியையும் திருப்பித் தரவில்லை. மழை வெறித்தது. மிச்சமிருந்த வீடுகளுக்கு ஏழு துணியோடு போனார்கள். கடைசித் துணியை உருவும்போது பல்லி மேலிருந்து அதை விரித்துத் தையலைக் காட்டுவான், அவள் கீழிருந்து பார்த்துத் தலையாட்டுவாள், அப்புறம்தான் வீசுவான். கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. கடிகாரக்காரர்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். அவ கதவு கதவுன்னு சொல்வாளே. கரண்டியத்தான் சொல்றான்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். உன்கிட்ட ஜன்னல் வழியா அப்படி ஏதாச்சும் சொன்னாளா? கதவுன்னா வேற என்னமோ?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றாள்.

"பறவைன்னா?"

"தெரியல அண்ணே."

"யோசிச்சுப் பாரு. அவசரமில்ல. எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டிருக்கேன். நாப்பத்தாறு வார்த்தை வந்திருக்கு. நான் நாளைக்குக் கூப்பிடறேன்."

மறுநாள் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். தினமும் மத்தியானம் சரியாக ஒரே நேரத்துக்கு, ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. ராத்திரியில் தூங்குகிறாரா என்று அவள் ஒருமுறை கேட்டாள், அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார். போன் அடிக்கும்போதெல்லாம் பல்லி சாப்பிடுகிற தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். போகும்போது அவளைப் பார்த்துவிட்டுப் போவான், அந்தப் பார்வையில் பாத்தியா, பாத்தியா என்று இருக்கும். அவளோ ஒவ்வொரு வார்த்தைக்கும் கண்ணை மூடி அந்த ஜன்னலைக் கொண்டுவந்து நிறுத்தி, நாலு வருஷத்தில் நாலே நாள் பேசியதை மறுபடி மறுபடி தோண்டிப் பார்க்கிறாள். நாற்பத்தாறில் இதுவரைக்கும் இரண்டுக்குத்தான் அவளால் அர்த்தம் சொல்ல முடிந்தது. அந்த இரண்டு நாளும் அவர் போனிலேயே சத்தம்போட்டு அழுதார், அழுது முடித்துவிட்டு நன்றி என்றார்.

அந்த நன்றியைக் கேட்ட பிறகும் பல்லி இன்னும் தன் பேச்சிலிருந்து இறங்கவில்லை. அவளும் இறங்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இதை வைத்துக்கொண்டு எதிரெதிரே சாப்பிடுகிறார்கள். எனக்கும் ஒருநாள் அவன் பக்கம் சரியென்று தோன்றுகிறது, மறுநாள் அவள் பக்கம். நீங்களே சொல்லுங்கள், அன்றைக்கு அந்த முன்னறையில், அந்த ஈரத் துணி உங்கள் கையில் இருந்திருந்தால், வெளியே எடுத்திருப்பீர்களா?